காரணம்: மகன்

சரவணா,

இதை உன் போனுக்கே அனுப்பியிருக்கலாம். நீயும் படித்துவிட்டு, "அப்புறம் பேசுறேம்மா" என்று பதில் போட்டிருப்பாய். உன் 'அப்புறம்' எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எங்கள் குவார்ட்டர்ஸ் மன்றத்தின் ஆண்டு மலருக்குக் கொடுத்துவிட்டேன். மலர்க் குழுவில் இருப்பவர் வாங்கிப் படித்துவிட்டு, "குடும்ப விஷயமா இருக்கேம்மா, போடலாமா?" என்று தயங்கினார். "இந்தக் குடும்ப விஷயத்தை இருபது வருஷமா ஊர்ல எல்லார்கிட்டயும் தப்பாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன் சார். சரியாச் சொல்ல நாலு பக்கம் குடுங்க" என்றேன். கொடுத்தார். ஊரறியச் செய்ததை ஊரறியத்தான் சொல்ல வேண்டும். அது என்ன என்பது பின்னால் வரும்.

முதலிலேயே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பொம்மை ரயில்களை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. விற்கப் போவதும் இல்லை. அவற்றை விட்டுவிட்டு உன் சென்னை ஃபிளாட்டுக்கு வரப் போவதும் இல்லை. படித்ததும் உனக்கு மூக்கு சிவக்கும், உன் அப்பாவுக்குச் சிவந்தது போல. சிவக்கட்டும். கோபத்தோடேயே மேலே படி. நாலாவதாக ஒன்று இருக்கிறது. அது உனக்கு நான் செய்த அநியாயம். அதைச் சொல்வதால் முதல் மூன்றில் ஒன்றாவது மாறும் என்று மட்டும் நினைத்துவிடாதே.

போன மாதம் சுரங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டில், ஓய்வு பெறுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் வந்தது. அந்தப் பட்டியலை முப்பது வருடத்துக்கு மேல் மாதம் தவறாமல் படித்தவள் நான். மற்றவர்கள் யாருக்கு மாலை வாங்குவது, யாருக்கு டீ பார்ட்டி என்று பார்ப்பார்கள். நான் எந்த பிளாக்கில் எந்த குவார்ட்டர்ஸ் காலியாகப் போகிறது என்று பார்ப்பேன். ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கே சட்டம். சொந்த ஊர் திருநெல்வேலியோ கோயம்புத்தூரோ, அவ்வளவு தூரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதனால் கடைசி வாரம் வேண்டாததை எல்லாம் வராந்தாவில் எடுத்து வைப்பார்கள். அக்கம்பக்கத்தார் வந்து கட்டில், அண்டா, தொட்டில் என்று ஆளுக்கொன்று எடுத்துப் போவார்கள். எனக்கு அடியில் கிடக்கிற அட்டைப்பெட்டிதான் வேண்டும். பட்டியல் வந்த வாரமே போய் நின்றுவிடுவேன். "ஸ்டோர்ஸ் அம்மா வந்துட்டாங்க, பொம்மைப் பெட்டிய வெளிய எடுங்க" என்பார்கள். ஒரு தடவை கூட நான் வெட்கப்பட்டதில்லை.

முதல் எஞ்சின் அப்படித்தான் கிடைத்தது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சுரங்க ஸ்டோர்ஸில் எனக்கு கிளார்க் வேலை கிடைத்து ஒரு வருடம். சுரங்கம் தோண்டத் தொடங்கிய காலத்தில் ஜெர்மன்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார்கள் அல்லவா, அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். அவர் வராந்தாவில் பித்தளைப் பாத்திரங்களுக்குக் கீழே ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் கறுப்புத் தகரத்தில் சிவப்புக் கோடு போட்ட ஒரு எஞ்சின், மூன்று பெட்டி, வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளத் துண்டுகள், கை உயர்த்தி இறக்குகிற ஒரு கைகாட்டி, எஞ்சின் வயிற்றில் சொருகிச் சுற்றுகிற ஒரு சாவி. அந்த வீட்டம்மா, "ஓடுமோ என்னமோ, எடுத்துக்கம்மா, பிள்ளைக்கு ஆகும்" என்றார். எனக்கு அப்போது பிள்ளை இல்லை. "எனக்குத்தாங்க" என்றேன். அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து தரையில் தண்டவாளம் பூட்டி, எட்டுச் சுற்று சாவி கொடுத்து விட்டேன். கரகரவென்று ஓடியது. நான் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமென்டில் வைத்து, அது என் மூக்குக்கு முன்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கதவைத் திறந்தவர் பயந்தே போனார். நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் எனக்கு அது விளையாட்டு இல்லை, வேலை. ரஷ்யாக்காரர்கள் விட்டுப்போன கரண்ட் ரயில் ஒன்று ஐந்தாம் பிளாக்கில் கிடைத்தது. அதற்குச் சேரும் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடி ஒன்றரை வருடம் அலைந்தேன். கடைசியில் அது மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடையில் ஒரு உடைந்த டேபிள் ஃபேனுக்குப் பின்னால் இருந்தது. ரயில் வந்தால் குடிசைக்குள்ளிருந்து தகர கேட்கீப்பர் வெளியே வருகிற லெவல் கிராசிங், அரிசி அளவு பயணிகள் நிற்கிற ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, விளக்குக் கம்பம், பாலம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சில சாமானுக்கு மூன்று வருடம், நாலு வருடம் கூடக் காத்திருந்தேன். ஸ்டோர்ஸ் புத்தி போகுமா? அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை உண்டு. எங்கிருந்து வந்தது, எந்த நிலையில் இருக்கிறது, பழுதானால் காரணம் என்ன என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். வீட்டில் என் ஒவ்வொரு ரயிலுக்கும் அதே மாதிரி அட்டை எழுதினேன். உன் அப்பா கேலி பண்ணிக்கொண்டே ஹாலில் கதவுக்கு மேலே நாலு சுவரையும் சுற்றிப் பலகை அடித்துக் கொடுத்தார். நீ பிறந்து தொட்டிலில் கிடந்தபோது உன் தலைக்கு மேலே ரஷ்ய ரயில் சுற்றிக்கொண்டிருந்தது. உன் கண் அதன் பின்னாலேயே போகும். இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

நான் செய்த தப்புகளை மறைக்க மாட்டேன். தானே புயல் அடித்த அன்று டவுன்ஷிப் முழுக்க மரம் சாய்ந்து கிடந்தது. நம் வீட்டு முந்திரி மரம் சன்னலில் விழுந்து, கண்ணாடி உடைந்து, ஹாலெல்லாம் தண்ணீர். அப்பா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது, நான் தனியாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து எப்படியோ உன் போன் கிடைத்தது. "அம்மா, எப்படிம்மா இருக்கே?" என்று நீ கத்தினாய். நான் சொன்ன முதல் வார்த்தை, "ரயில் ஒண்ணும் நனையலடா." "சரி, வெச்சிடுறேன்" என்று நீ வைத்துவிட்டாய். நான் நன்றாக இருக்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். ஆனால் இரண்டு நாள் தூங்காமல் முயற்சி செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெட்டிகளை முதலில் பரணில் ஏற்றியது தப்பில்லை. மறுபடி புயல் வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இனி நித்யா வீட்டார் வந்த அன்றைக்கு வருகிறேன். நிச்சயதார்த்தம் முடிந்து, நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திறங்கினார்கள். ஹாலில் நுழைந்ததும் எல்லாருடைய தலையும் மேலே போயிற்று. நான் சுவிட்சைப் போடக் கை நீட்டினேன். நீ முந்திக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல மாமா, அம்மா சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டவங்க. விளையாட்டுச் சாமானே பார்த்ததில்ல. அந்த ஏக்கம்தான்" என்றாய். அவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்து, 'அய்யோ பாவம்' என்று தலையாட்டினார்கள். சரவணா, என் அப்பாவுக்கு மளிகைக் கடை. எனக்கு மரப்பாச்சி இருந்தது, சொப்பு இருந்தது, தீப்பெட்டிப் படம் ஒரு டின் நிறைய இருந்தது. எனக்கு ஒரு ஏக்கமும் இல்லை. அறுபது வயதுப் பொம்பளைக்குத் தகர ரயில் பிடிப்பதற்கு ஏதாவது நோய் காரணமாக இருக்க வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? உன் மாமனார் வாசலில் மூன்று காளை கட்டி வைத்திருக்கிறார். ஏர் பூட்டுவதில்லை, வண்டி பூட்டுவதில்லை, அழகுக்குத்தான். அவருக்கு என்ன ஏக்கம் என்று யாராவது கேட்டார்களா? பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். பிடித்திருப்பதற்கு மேல் ஒரு காரணம் எனக்கு வேண்டியதில்லை.

அன்றைக்கு நம் வீட்டில் சரியான கேள்வி கேட்டது நித்யா ஒருத்திதான். மற்றவர்கள் இது எவ்வளவு பழசு, இப்போது விற்றால் என்ன போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்று, பச்சை எஞ்சினைக் காட்டி, "அத்தை, இது ஓடுமா?" என்றாள். அதற்குப் பக்கத்திலேயே என் அட்டை இருந்தது. அவளே குனிந்து சத்தமாகப் படித்தாள்: "நிலை: ஸ்பிரிங் அறுந்தது. காரணம்: மகன்." வீடே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டு, இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய கதையை எடுத்துவிட்டேன். ஒன்பது வயதில் சொல்லாமல் எடுத்தான், முறுக்கு முறுக்கு என்று முறுக்கினான், அறுத்துவிட்டான், வாங்கினான் ஒரு அறை. உன் மாமனார் தொடையைத் தட்டி, "இன்னா மாப்ள, உங்க கைல எத்தயும் நம்பிக் குடுக்கக் கூடாது போலக்குதே! பொண்ண வேற குடுத்துகினு நிக்கிறோம்" என்றார். மறுபடி சிரிப்பு. நித்யா உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ சிரிக்கவில்லை. "ஆமா, நான்தான் ஒடைச்சேன்" என்றாய். முப்பது வயது ஆள், இன்ஜினீயர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாய். அந்த அலமாரிக்கு முன்னால் நின்றால் நீ கையைப் பின்னால் கட்டிக்கொள்வதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன். காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் போனபிறகு நீ, "இதையெல்லாம் யாருக்காவது குடுத்துடும்மா. ரிட்டயர்டாகி என்கூட வரப்போறே. அங்க இதுக்கு இடமும் இல்ல, என்னால பார்த்துட்டு இருக்கவும் முடியாது" என்றாய். நான் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். இரண்டு வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு தாடிக்காரரை அழைத்து வந்தாய். நண்பர், ரயில் பைத்தியம், சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்றாய். நானும் நம்பி, சுடச்சுட பணியாரம் சுட்டுப் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். ஆள் விஷயம் தெரிந்தவர்தான். கேட்கீப்பரைக் கையில் எடுத்தபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பச்சை எஞ்சினைத் திருப்பிப் பார்த்துவிட்டு மட்டும், "அடடா, யாரோ இதுக்கு மேல பெயின்ட் அடிச்சு நாசம் பண்ணிட்டாங்களே. ஒரிஜினல் பெயின்ட் போச்சுன்னா பீஸ் செத்துப் போச்சும்மா. இது வேண்டாம், மத்ததெல்லாம் நான் எடுத்துக்கிறேன்" என்றார். எடுத்துக்கொள்கிறாராமே! அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. "பெயின்ட் அடிச்சது யாரோ இல்ல சார், நான்தான். பணியாரம் இன்னும் நாலு இருக்கு, சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க" என்றேன். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன்மேல்தான். அன்று மாலை நீ பஸ்ஸிலிருந்து போன் செய்து, "ஒண்ணு நானு, இல்ல அந்த ரயிலு. யோசிச்சுச் சொல்லு" என்றாய்.

யோசித்தேன். ஒரு பொம்மையை முன்னிட்டுப் பெற்ற தாயிடம் இப்படிப் பேசுகிறவனா நான் வளர்த்த பிள்ளை என்று முதலில் கொதித்தேன். பிறகுதான் நீ ரயிலை வெறுக்கவில்லை, அந்த அட்டையை வெறுக்கிறாய் என்று தோன்றியது. அதற்கு உனக்கு எல்லா உரிமையும் உண்டு. ஏனென்றால் அந்த அட்டையில் எழுதியிருப்பது பொய்.

பச்சை எஞ்சினை உடைத்தது நீ இல்லை, சரவணா. நான்.

உனக்குக் கோடை லீவு. எனக்கு முதல் ஷிப்ட். அன்றைக்கு ஒரு பேரிங்கை நம்பர் மாற்றிக் கொடுத்துவிட்டேன் என்று கவுன்ட்டரில் எல்லார் முன்னாலும் மேலதிகாரி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். நம்பரை மாற்றி எழுதிக் கொண்டுவந்தது வந்த ஆள். என் தப்பே இல்லை. அந்த ஆத்திரத்தோடு இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். நீ வெளியே விளையாடிக்கொண்டிருந்தாய். மனசை ஆற்ற, செருப்புப் பெட்டியில் வந்த அந்த முதல் எஞ்சினை எடுத்தேன். அப்போது அது கறுப்பு. எட்டுச் சுற்றுதான் கணக்கு. ஒன்பதாவதில் சாவி கனக்கும், அங்கே நிறுத்திவிட வேண்டும். எனக்குத் தெரியாததா? ஒன்பது கொடுத்தேன். மேலதிகாரி முகத்தை நினைத்துக்கொண்டு பத்தும் கொடுத்தேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் சாவி கையில் கனமே இல்லாமல் சுற்றியது. அப்படியே திருப்பி அலமாரியில் வைத்துவிட்டு, கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுக்க உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் துணிச்சல் இல்லை என்பது கூட இல்லை, எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்கு நீ இரண்டு சிநேகிதர்களோடு வந்தாய். அவர்களுக்குக் காட்ட எஞ்சினை எடுத்துச் சாவி கொடுத்தாய். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்து, "அம்மா, சாவி சும்மா சுத்துதும்மா" என்றாய். பயந்துகொண்டு வரவில்லை. அம்மா சரி பண்ணிவிடுவாள் என்ற நம்பிக்கையோடு வந்தாய். நான் எழுந்து உன்னை அறைந்தேன். அந்தப் பையன்கள் முன்னால், எண்ணெய்க் கையோடு. உன் கன்னத்தில் எண்ணெயும் பலாப் பிசினும் ஒட்டியிருந்தது. நீ அழவில்லை, "நான் மெதுவாத்தான் சுத்துனேன்" என்று மட்டும் சொன்னாய். மெதுவாகத்தான் சுற்றியிருப்பாய். அறுந்துபோன ஸ்பிரிங்கை யாரும் மறுபடி அறுக்க முடியாது. அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்டையை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் 'மகன்' என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன். அடுத்த வாரம் குவார்ட்டர்ஸ் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மீதம் வைத்துவிட்டுப் போன பச்சையை எடுத்து எஞ்சினுக்குப் பூசினேன். அதைக் கறுப்பாகப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா ஒருநாள் அதைக் கையில் எடுத்துச் சாவியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதுவே கதையாகிவிடுகிறது. கல்யாண வீட்டில், பிறந்தநாளில், உன் நண்பர்கள் வந்தால் எல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தேன். உண்மையிலேயே நீதான் உடைத்தாய் என்று பாதி நாட்கள் நானே நம்பியிருக்கிறேன். நீயும் நம்பிவிட்டாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆமா, நான்தான்" என்று உன்னைச் சொல்ல வைத்துவிட்டேனே. இதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மலரைப் படிக்கிற அத்தனை பேரும், அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்ற அந்த இரண்டு பையன்களும் கூட, இதைக் கேட்டுக்கொள்ளட்டும். நெல்லிக்குப்பத்துக்கு நானே நேரில் போய், உன் மாமனார் சிரித்த அதே சத்தத்தில் சொல்லிவிட்டு வரப் போகிறேன். அறைந்ததற்கு மன்னிப்பு, அட்டைக்கு மன்னிப்பு, பூட்டுக்கு மன்னிப்பு. ரயிலுக்கு இல்லை. அது ஒரு பாவமும் செய்யவில்லை.

போன வாரம் கோவிந்தனை வரச் சொன்னேன். ஸ்டோர்ஸில் பெட்டி தூக்குகிற கான்ட்ராக்ட் ஆள், கம்மாபுரம் பக்கம். லீவு நாளில் பழைய கடிகாரம் ரிப்பேர் பண்ணுவார். எஞ்சினைத் திறந்து பார்த்தவர், "இன்னாங்க மேடம், இத்தினி வருசமா இத்த உள்ள வெச்சி பூட்டிகினு இருந்தீங்களா? ஸ்பிரிங்கு ஒண்ணுதான் போயிருக்குது. டைம்பீஸ் ஸ்பிரிங்க எடுத்து வெட்டிப் போட்டா தீந்துது" என்றார். இருபது வருடம் நான் ஒருவரிடமும் கொண்டு போகவில்லை, ஏனென்றால் திறந்தால் தெரிந்துவிடும் என்ற பயம். தெரிந்தும்விட்டது. அறுந்த நுனியைப் பார்த்துவிட்டு அவர், "இது பசங்க கை இல்லீங்க. பெரியாளு கை. நல்லா முறுக்கிக்கிறாங்க" என்றார். "என் கைதான்" என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு ஸ்குரூவைத் தேட ஆரம்பித்தார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

அதே வாரம் குவார்ட்டர்ஸ் ஒப்படைப்பதற்கு முன் பார்வையிட ஒரு ஆள் வந்தார். மின்விசிறி, குழாய், சன்னல் கொக்கி எல்லாம் எண்ணி எழுதியவர், சுவர்ப் பலகையைப் பார்த்ததும் பேனாவை நிறுத்தி, "இதுக்கு ஃபாரத்துல கட்டமே இல்லையேம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு ரவுண்டு விடுறீங்களா?" என்றார். விட்டேன். ஃபாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துவிட்டு, ஆணி ஓட்டைகளை அடைத்துவிடச் சொல்லிவிட்டுப் போனார். என் வராந்தாவிலும் இப்போது சாமான் கிடக்கிறது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் போய்விட்டன. "ரயில் இருக்காமே?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். "இருக்கு. ஆனா அத வெச்சிருக்கிற ஆளும் இன்னும் இருக்கா" என்றேன்.

மேல்பட்டாம்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டேன். நீளமான ஹால். அப்பா அடித்த பலகை அளவெடுத்தது போலப் பொருந்துகிறது. வீட்டுக்காரம்மா, "தனியாவா இருக்கப் போறீங்க?" என்று கேட்டார். "தனியா இல்லீங்க, பதினேழு எஞ்சினோட" என்றேன். அந்த வீட்டில் அலமாரி உண்டு, பூட்டு கிடையாது. வருகிற குழந்தை எதையும் எடுக்கலாம், கீழே போடலாம். தாடிக்காரர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொள்ளட்டும். எனக்கு உடம்பு முடியாமல் போனால் உன்னிடம்தான் வருவேன், அதற்கு உன்னைக் கேட்கக் கூட மாட்டேன். ஆனால் என்னைச் சுருட்டி ஒரு அறையில் வைத்துவிட்டு, எனக்குப் பிடித்ததை வாசலில் விட்டுவிட்டு வரச் சொன்னால், அந்த அறை உனக்கே இருக்கட்டும்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். நித்யாவுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுக்கும் உதவாத ஏதோ ஒன்று அவளுக்கும் பிடித்திருக்கும். அதற்காக ஒருநாளும் நாலு பேர் முன்னால் அவள் சார்பில் நீ காரணம் சொல்லாதே. தப்புச் செய்தால் அன்று சாயந்திரத்துக்குள் சொல்லிவிடு. ராத்திரி தாண்டினால் அது அட்டையில் ஏறிவிடும், அப்புறம் நம் கையெழுத்தே நம்மை மிரட்டும். பிள்ளை பிறந்து, அது எதையாவது உடைத்துக்கொண்டு உன்னிடம் வந்தால், கையில் இருக்கிற எண்ணெயை முதலில் துடை.

இந்த மலர் உன் கைக்கு வரும்போது, ரிஜிஸ்டர் தபாலில் ஒரு உறையும் வந்திருக்கும். அதில் பச்சை எஞ்சினின் சாவி இருக்கிறது. கோவிந்தன் புது ஸ்பிரிங்கைப் போட்டு மூடிவிட்டு, "சாவி குடுத்துப் பாத்துடலாமா மேடம்?" என்றார். நான் கொடுக்கவிடவில்லை. அதனால் அது ஓடுமா என்று நித்யா கேட்ட கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. விழுப்புரத்தில் இறங்கி கடலூர் பாசஞ்சரைப் பிடித்தால் மேல்பட்டாம்பாக்கத்தில் நிற்கும். அவளையும் கூட்டிக்கொண்டு வா. வராவிட்டால் சாவி உன்னிடமும் எஞ்சின் என்னிடமுமாக இருக்கட்டும். நான் கெஞ்ச மாட்டேன்.

வந்தால், கையைப் பின்னால் கட்டாதே. தரையில் குப்புறப் படு. எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருக்காதே, உனக்குப் போதும் என்று தோன்றும் வரைக்கும் கொடு. அறுந்தால் அறுந்துபோகட்டும். உறைக்குள் பழைய அட்டையும் இருக்கிறது, அதில் 'மகன்' என்பதை அடித்து 'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புது அட்டையும் எழுதியாயிற்று. அதில் காரணம் என்ற கட்டத்தையே நான் போடவில்லை.

அம்மா